வாத்துக் கணக்கு

இரண்டையும் இரண்டு இரவுக்கு வாடகைக்குத் தந்தான்
மயிலாடுதுறை ஹபிபுல்லா.
பச்சையாகக் காட்டுவது நைட் விஷன்,
நாற்பத்தையாயிரம்.
சூட்டைக் காட்டுவது தெர்மல்,
இரண்டு லட்சத்து நாற்பது.
“நரிக்குத்தானே? கண்ண மூடிக்கிட்டு தெர்மல் எடுங்க.”
கண்ணை மூடிக்கொண்டா கண் வாங்குவது என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

வாத்து ஒன்று முந்நூறு.
தெர்மல் என்பது எண்ணூறு வாத்து.
எங்களிடம் இருப்பது எழுநூற்றுப் பத்து:
பூங்காவனத்துக்குப் பாதி, எனக்குப் பாதி,
நரிக்கு வாரம் நாலு.
“முட்டையும் திங்குதுடா” என்று
சொன்னவன் பூங்காவனம்தான்.
வாத்தை விற்றுத் தெர்மல் வாங்கினால்
காவல் இருக்கும்,
காக்க ஒன்றும் இருக்காது.

குடவாசலுக்குத் தெற்கே, சம்பா அறுத்த தாள் வயல்.
சோழசூடாமணி ஆற்றோரம் வலைப்பட்டி.
நரியைக் கொன்றால் கேஸ்.
ஆகவே என் ஆயுதம் உண்டிவில்,
வெயிலில் காய்ந்த களிமண் உருண்டை,
தீபாவளிக்கு மிஞ்சிய அணுகுண்டு ஒரு பெட்டி.
இத்தனைக்கும் மேலே, நெற்றிப் பட்டையில்,
அடுத்தவன் பணம்.

முதல் இரவு நைட் விஷன்.
தாளும் வரப்பும் வலையின் முடிச்சும்
பாசிக் குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல் தெரிந்தன.
பதினொன்றரைக்கு நரி வந்தது.
கண் இரண்டும் புதுக் காசு.
இடது காது கிழிந்திருந்தது.
திரும்பியபோது பால்மடி ஆடியது;
எங்கேயோ கோரைக்குள் குட்டிகள்.
உருண்டையை ஒரு முழம் தள்ளி அடித்தேன்.
குறி தவறிவிட்டது என்று
பூங்காவனத்திடம் சொன்னேன்.

மறுநாள் தெர்மல்.
ஊரே சாம்பல், உயிர் மட்டும் வெள்ளை.
எழுநூறு வாத்தும் சிந்திய சோற்றுப் பருக்கை.
வாய்க்காலில் தவளை கத்துகிறது, காதுக்கு மட்டும்;
கண்ணாடிக்குள் அது இல்லை, தண்ணீரோடு தண்ணீர்.
நரி படுத்துவிட்டுப் போன வைக்கோலில்
நரி அளவுக்கு ஒரு வெளிச்சம் கிடந்தது.
அப்புறம் முட்டைகள்.
இட்ட சூட்டோடு, இருட்டில்,
ஒவ்வொன்றும் இப்போதுதான் உரசிய தீக்குச்சி.
ஹபிபுல்லா இதைச் சொல்லவில்லை.
நரியை மறந்து
ஒரு முட்டை ஆறி முடியும்வரை பார்த்தேன்.

மூன்று மணிக்கு மேல் பனி இறங்கியது.
மேற்கு மூலையில் தாழ்வாக ஒரு வெள்ளை
தவழ்ந்தது, நின்றது, தவழ்ந்தது.
நரிக்கு அது பெரிசு.
கன்றுக்குட்டி என்றால் வாத்துகள் கத்தியிருக்கும்.
ரப்பரைக் காதுவரை இழுத்தேன்.
முகம் தேடினேன்.
சூட்டுக்கு முகம் கிடையாது.
விட்டுவிட்டு மற்றதை எடுத்து வைத்தால்
பச்சைச் சுவர், சுற்றிலும் பனி,
தன் விளக்கைத் தானே
கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது அந்தச் சாமான்.

மறுபடி தெர்மல்.
வெள்ளை நிமிர்ந்து இரண்டு காலில் நின்றது.
வலது தோள் கொஞ்சம் இறக்கம்.
அந்தத் தோளில் வலைக் கட்டு ஏற்றிவிட்டு
செஞ்சியிலிருந்து நடத்தி வந்திருக்கிறேன்.
வேட்டி மடியில் மட்டும்
தனியாக ஒரு சூடு,
பத்துப் பதினைந்து முட்டை இருக்கும்.
வாத்து ஒன்றுகூடக் கத்தவில்லை.
அவனைத் தெரியும் அவைகளுக்கு.

காலையில் டீ வாங்கி வந்தான்.
“ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா?”
பனி, என்றேன்.
கிளாஸைக் கீழே வைக்காமல் நின்றான் கொஞ்ச நேரம்.
மகளுக்கு நர்சிங் ஃபீஸ் மாசக் கடைசிக்குள்
என்று போன வாரமே சொல்லியிருந்தான்,
கேட்பதுபோல் இல்லை, சும்மா சொல்வதுபோல்.
நானும் சும்மா கேட்டுக்கொண்டேன்.

நைட் விஷனுக்கு மூன்று தவணை பேசினேன்.
“பனியில இது ஒண்ணும் காட்டாதே பாய்” என்றான் ஹபிபுல்லா.
தெரியும், என்றேன்.
அன்றைக்குப் பட்டியில் எழுநூற்று எட்டு.
கிழக்கு வரப்பில் இறகு, ஒரு கால்.
காது கிழிந்தவள் கணக்கு அது.
முட்டையை நான் எண்ணவில்லை.